ஏழாம் நிலைக்குப் போகும் பாதை

வேட்டைக் காலத்துக்கான ஏற்பாடுகளை நான் ஆகஸ்ட் மாதத்திலேயே முடித்துவிடுகிற ஆள். நவம்பர் முதல் தேதிக்கு முந்தின நாள் பூட்ஸைத் தேடி எடுத்து, உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருப்பதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களைத் திட்டுகிறவர்கள் எங்கள் குழுவில் பாதிப்பேர். என் பூட்ஸுக்கு ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் விருந்து முடிந்த மறுநாளே கொழுப்பு தடவிவிடுவேன். உரிமம் புதுப்பிப்பது, காப்பீடு, நாய்களுக்கு ஊசி, துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பது, சாலையோரம் மாட்டுகிற மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளுக்குப் புதுப் பூச்சு, எல்லாம் செப்டம்பருக்கு முன்னால் முடிந்துவிடும்.

நீங்கள் கேட்பது இது இல்லை என்று தெரியும் ஐயா. ஆனால் எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். நான் நிதானமாகவே பேசுகிறேன், உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்யட்டும்.

பெயர் அன்செல்மோ பிராக்கி. வயது அறுபத்து மூன்று. மொந்தெகார்பி காட்டுப்பன்றி வேட்டைக் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவன். நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் வாஸ்கோ நென்சினி குண்டு பட்டு இறந்தான். சுட்டது தபால்காரர் ஒரெஸ்தே. அது பற்றி நான் அன்று மாலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்பதாவது வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது வரி விளங்க வேண்டுமானால் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சட்டப்படி வேட்டை உரிமம் உள்ளவன் யாருடைய நிலத்திலும் நுழையலாம். உடைமையாளர் சட்டம் சொல்கிற உயரத்துக்கு வேலி போட்டு அடைத்திருந்தால் மட்டும் முடியாது. வேலி இல்லையா, உள்ளே போகலாம். இது சட்டம். ஆனால் சட்டம் இருக்கிறதே என்று அடுத்தவர் வயலில் நடந்து போவது மரியாதை இல்லை என்பது என் கருத்து. அதனால் நான் தலைவனானதும் பதினோரு விதிகள் எழுதினேன். திறந்த கேட்டை மூட வேண்டும். விதைத்த வயலில் கால் வைக்கக் கூடாது. பெரிய ஓக் மரத்தைத் தாண்டி வண்டி போகக் கூடாது. வீட்டுப் பக்கம் துப்பாக்கிக் குழல் திரும்பவே கூடாது. இப்படிப் பதினொன்று. எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, குழுவின் கொட்டகையில் மாட்டினேன். அன்றைக்கே எனக்கு ‘நோட்டீஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தது வாஸ்கோ.

எங்கள் காட்டின் நடுப்பகுதி முழுக்க எர்சிலியா அம்மாவின் நிலம். அவர் கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக ஆடு வளர்க்கிறார். பழைய ஆலையும் ஓடையும் பன்றிகள் பகலில் படுத்துக் கிடக்கிற முள்காடும் அவர் நிலத்தில்தான் இருக்கின்றன. அந்த நிலம் போனால் எங்களுக்கு மிச்சம் இரண்டு மொட்டை மேடு. வேட்டைக் குழு என்ற பெயரை எடுத்துவிட்டு நடைப்பயிற்சிச் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வருஷத்தில் மூன்று மாதம் அந்த நிலத்தில் நாற்பது பேரை நிறுத்தி, கொம்பு ஊதி, ஒருவனுக்கும் கீறல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் என் வாழ்க்கை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாஸ்கோ இந்த விதிகளில் ஒன்றைக்கூட மதித்தவன் இல்லை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் சமைப்பான். பன்றிக் கறியை முந்தின நாளே சிவப்பு ஒயினில் ஊறப் போட்டு அவன் செய்கிற குழம்புக்காகவே பாதிப்பேர் குழுவில் இருந்தார்கள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்கத் துப்பாக்கிச் சத்தமே கேட்கக் கூடாத நாட்கள். அவன் ஒரு வெள்ளிக்கிழமை திராட்சைத் தோட்டத்தில் குருவி சுட்டான். கேட்டால், "குருவிக்குக் கிழமை தெரியாதுண்ணே, எனக்கும் மறந்து போச்சு" என்றான். எர்சிலியா அம்மாவின் பார்லி வயலுக்குள் ஜீப்பை விட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலையில் நிற்க மாட்டான்.

நிலை என்றால் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். காட்டைச் சுற்றி ஆளுக்கு ஒரு இடம், எண் போட்ட பலகையோடு. நாய்க்காரர்கள் கீழே இருந்து விரட்டுவார்கள், பன்றி மேலே வரும், நிலையில் நிற்பவன் சுடுவான். கடைசியில் நான் கொம்பை நீளமாக மூன்று முறை ஊதினால் விரட்டு முடிந்தது. அதைக் கேட்டதும் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். மற்ற விதிகளை மீறினால் ஆடு போகும், வயல் போகும். இதை மீறினால் ஆளே போய்விடுவான். வாஸ்கோ பன்றியைச் சுட்டு வீழ்த்தினால் போதும், கொம்பாவது ஒன்றாவது, ஓடிப்போய் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ஏன்டா, கொம்பு ஊதற வரைக்கும் நிக்கத் தெரியாதா உனக்கு?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்.

"பன்னி என்ன நோட்டீஸ் படிச்சிட்டா வருது? அதுக்கு வேலை இருக்கு, வருது. எனக்கு வேலை இருக்கு, போறேன்" என்பான். கொட்டகையே சிரிக்கும். நான் சிரித்தது இல்லை.

போன வருஷம் ஜனவரியில் அவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதில் ஆறு ஆடுகள் சாலைக்கு வந்துவிட்டன. நான்தான் மன்னிப்புக் கேட்கப் போனேன். எப்போதும் நான்தான் போவேன். ஒவ்வொரு வேட்டைக்கும் மறுநாள் நிலத்துக்காரர் பங்குக் கறியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதும் நான்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மா என்னை ஒரு முறைகூட உட்காரச் சொன்னது இல்லை.

அன்று வாசலிலேயே நின்று சொன்னார்: "உங்க பதினோரு விதிய நீங்களே வெச்சுக்கங்க அன்செல்மோ. எனக்கு என் ஆடு வேணும். அடுத்த சீசன்ல இன்னொரு தடவ கேட்டு தெறந்து கெடந்துச்சு, சுத்தி வேலி போட்டுருவேன். அப்பறம் உங்க கொம்ப உங்க வீட்டு மொட்டமாடில நின்னு ஊதுங்க."

அப்போது எனக்கு வந்த எரிச்சல் அந்த அம்மா மேல் இல்லை.

ஆகஸ்டில் நான் வழக்கம்போல நிலைகளுக்குப் போகும் பாதைகளைச் சுத்தம் செய்தேன். இருபத்தாறு நிலை, இருபத்தாறு பாதை. தனி ஆளாக, அரிவாளும் கத்தரியும் எடுத்துக்கொண்டு, ஒன்பது நாள். உதவிக்கு வருகிறேன் என்று நாலு பேர் சொன்னார்கள், ஒருவரும் வரவில்லை. வாஸ்கோ மட்டும் ஒரு நாள் தர்பூசணி கொண்டுவந்து கொடுத்து, மரத்தடியில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனான். இருபத்தைந்து பாதைகளை வெட்டி முடித்தேன். ஏழாம் நிலையின் பாதையை மட்டும் வெட்டவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்பீர்கள்.

செப்டம்பரில் பொதுக்கூட்டம். வாஸ்கோவைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். தேதி வாரியாகப் பதினேழு மீறல்கள், இரண்டு பக்கம் எழுதி வாசித்தேன். வாசித்து முடித்ததும் யாரோ கை தட்டினார்கள், வாஸ்கோ எழுந்து நின்று எல்லோருக்கும் வணக்கம் போட்டான். தீர்மானத்துக்கு ஆதரவாக ஆறு கைதான் உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது.

அதே கூட்டத்தில்தான், ஜனவரியில் நடக்கிற தலைவர் தேர்தலுக்கு வாஸ்கோ நிற்கட்டும் என்று ஒரு குரல் வந்தது. "அண்ணனுக்கும் வயசாச்சு, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கூட்டக் குறிப்பில் இருக்கிறது, நீங்கள் எப்படியும் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு, முதல் விரட்டு. மாலையில் எர்சிலியா அம்மா போன் செய்தார். கேட் திறந்து கிடந்தது, ஒரு பெண்ணாட்டைக் காணோம். மறுநாள் கறிப் பங்கோடு போனேன். கறியை வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வேலிக்கான கஷ்கொட்டை மரக் கம்பங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கூர் சீவி, அடியில் கரி பூசி, நானூறு கம்பம். "அடுத்த வாரம் ஆளுங்க வராங்க" என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கேட்டைக்கூடத் திறந்து போடாதவன் நான். எனக்கு இது நடக்கலாமா.

இப்போது எட்டாம் நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எட்டாம் நிலை பழைய ஆலைக்குப் பக்கத்தில், ஓடை பாறையிலிருந்து விழுகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் இரைச்சலில் கொம்பு கேட்காது. பள்ளம் என்பதால் போனும் எடுக்காது, வாக்கி-டாக்கியும் எடுக்காது. அதனால் அதற்குச் செவிட்டு நிலை என்று பெயர். விரட்டு முடிந்ததும் தலைவன் முதலில் நேரில் போய் அங்கே நிற்பவனின் தோளைத் தொட்டு, அவன் துப்பாக்கியை இறக்குவதைக் கண்ணால் பார்த்து, மேலே ஏறி வந்து, அதன் பிறகே கொம்பை ஊத வேண்டும். இது பதினோரு விதிகளில் இல்லை. இதை எழுதி மாட்ட வேண்டிய அவசியமே வந்தது இல்லை, ஏனென்றால் செய்ய வேண்டியவன் நான் ஒருவன்தான். எங்கள் குழுவில் கொம்புச் சத்தம் கேட்டால் செவிட்டு நிலையில் துப்பாக்கி இறக்கியாகிவிட்டது என்று அர்த்தம். வாஸ்கோவுக்கும் அது தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

ஏழாம் நிலை அதற்கு நேர் மேலே, முப்பது அடி உயரத்தில். ஒழுங்கான பாதை மேல் பக்கமாக, மலையில் கழுதைகள் போகிற பாதைக்குப் போகும். அது முள் மூடிக் கிடந்தால், வெளியே வர ஒரே வழி பன்றித் தடம். புதருக்குள் குடைந்துகொண்டு நேராக ஓடைக்கு இறங்கும். ஆள் குனிந்துதான் வர முடியும். போட்டிருப்பது ஆரஞ்சு மேலங்கியோ ராஜ உடையோ, வெளியே வருகிற வரை தெரியாது. புதர் அசைவது மட்டும்தான் தெரியும். அது எட்டாம் நிலைக்காரன் கண்ணுக்கு நேரே.

ஒரெஸ்தே நல்ல மனிதர். முப்பது வருஷமாக ஒரு கடிதத்தைத் தவறான வீட்டில் போட்டது இல்லை. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, புதர் அசைந்தால் சுட்டுவிடுவார். மிருகத்தைக் கண்ணால் பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது என்று அவருக்கு இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது.

எந்த நிலை யாருக்கு என்பதைத் தோல் பையில் எண் போட்ட தக்கைகளைக் குலுக்கிப் போட்டு எடுப்போம். ஆனால் நான்காம் விதிப்படி, பாதுகாப்புக் காரணத்துக்காகத் தலைவர் இரண்டு நிலைகளைத் தாமே ஒதுக்கலாம். அந்த உரிமையை நான் அதுவரை பயன்படுத்தியது இல்லை. அன்று பயன்படுத்தினேன். எட்டு ஒரெஸ்தேவுக்கு, ஏழு வாஸ்கோவுக்கு.

"ஏழா? அங்க போற வழி முள்ளா கெடக்குமேண்ணே" என்றான் வாஸ்கோ.

"நான் கூட்டிட்டுப் போறேன் வா" என்றேன்.

மற்றவர்கள் நிலைக்குப் போவதற்கு முன்னால், யாரும் துப்பாக்கியில் தோட்டா போடாத நேரத்தில், பன்றித் தடம் வழியாக நானே அவனை மேலே கொண்டுபோய் விட்டேன். முன்னால் குனிந்து நான், பின்னால் குனிந்து அவன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "இதுக்குள்ள நாம வர்றதப் பாத்தா பன்னியே சிரிச்சிரும்ணே" என்றான். நிலைக்கு வந்ததும் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்குப் பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். நீங்க ஊதினாத்தான் எந்திரிப்பேன்" என்றான். அப்படி அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். நான் இறங்கிவிட்டேன். பிறகு ஒரெஸ்தேயை எட்டில் நிறுத்தினேன்.

என் கணக்கு எளிமையானது. வாஸ்கோ எப்போதும்போல விரட்டு நடக்கும்போதே நிலையை விட்டு எழுவான். தெரிந்த வழியில் இறங்குவான். புதர் அசையும். அவன் விதியை மீறியதால் அவனுக்கு நேர்ந்தது, அவ்வளவுதான். நான் எதையும் செய்ய வேண்டியது இல்லை. நான் விதிப்படி என் இடத்தில் மேட்டின்மேல் நிற்பேன். இதை யோசித்தபோது அது எனக்குக் கொலையாகத் தோன்றவில்லை என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். விதி என்று ஒன்று இருக்கிறது, அது ஒரு நாளாவது தன் வேலையைச் செய்யட்டும் என்றுதான் நினைத்தேன்.

எட்டரைக்கு விரட்டு தொடங்கியது. நான் மேட்டிலிருந்து தொலைநோக்கியில் ஏழாம் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு மேலங்கி நாற்காலியில் இருந்தது. ஒன்பதரைக்கும் இருந்தது. பத்துக்கும் இருந்தது. வழக்கமாகப் பத்து மணிக்குள் அவன் யாருடைய நிலையிலாவது போய்ச் சிகரெட் கேட்டுக்கொண்டிருப்பான். அன்று கால்களைக்கூட நீட்டவில்லை.

பத்தே முக்காலுக்கு ஒரு பெரிய ஆண் பன்றி அவனுக்கு நேராக வந்தது. ஒரே குண்டு. இருபது அடி தள்ளி விழுந்தது. நூறு கிலோ இருக்கும், அவன் வாழ்நாளில் சுட்டதிலேயே பெரியது. இதோ எழுகிறான் என்று நினைத்தேன். எழவில்லை ஐயா. மறுபடி தோட்டா போட்டுக்கொண்டு, பன்றியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தே நான் இருக்கிற திசையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. இருபத்திரண்டு வருஷம். இருபத்திரண்டு வருஷமாகக் கெஞ்சினேன், எழுதினேன், வாசித்தேன், கத்தினேன். ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவன் நிற்கக் கூடாத ஒரே நாள் வந்தது, அன்றைக்கு நிற்கிறான். எனக்குத் தொல்லை கொடுப்பதற்கென்றே பிறந்தவன் என்று நினைத்தேன். பதினொன்றேகால் வரை பொறுத்தேன். என் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு.

பதினொன்று இருபதுக்குக் கொம்பை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினேன்.

எட்டாம் நிலைக்கு நான் போகவில்லை. ஒரெஸ்தேயின் தோளைத் தொடவில்லை. ஒன்பதாவது வரியில் ‘நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்து ஊதினேன்’ என்று இருப்பது பொய். நாய்கள் இன்னும் பள்ளத்தில்தான் இருந்தன. விரட்டு முடியவில்லை. நாய்க்காரர்கள் "என்ன இது, இவ்ளோ சீக்கிரம்?" என்று கத்தியதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மை.

ஆரஞ்சு மேலங்கி எழுந்தது. கொஞ்ச நேரம் குனிந்து நின்று ஏதோ செய்துகொண்டிருந்தான், சிகரெட் பற்ற வைக்கிறான் என்று நினைத்தேன். நாற்காலியை மடித்தான். பன்றியிடம் போய் அதன் நெற்றியைத் தட்டிக் கொடுத்தான். பிறகு தடத்துக்குள் குனிந்தான். அதற்குப் பிறகு மேலங்கி தெரியவில்லை. கத்தியிருக்கலாம், தெரியும். அவனுடைய நிலையில் வாக்கி-டாக்கி கேட்கும், அதிலும் சொல்லியிருக்கலாம். கையில்தான் இருந்தது. ஒரு குண்டுச் சத்தம் கேட்டது. ஒரெஸ்தே குறி தவறியது இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து நிலைக்காரர்கள் வந்திருந்தார்கள். வாஸ்கோவைப் புதரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரெஸ்தே ஓடைக்குள் மண்டியிட்டு, "கொம்பு ஊதலயே... யாரும் வந்து சொல்லலயே..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வந்து சொன்னேனே ஒரெஸ்தே" என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக விதி தவறாதவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள். கடைசியில் ஒரெஸ்தேயே, "சொல்லிருப்பாரு, அண்ணன் சொல்லாம இருக்க மாட்டாரு, எனக்குத்தான் மூளை கொழம்பிருச்சு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வாஸ்கோவின் மனைவி மரியூச்சா அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு உங்க பேச்சக் கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாருண்ணே" என்று அழுதாள்.

இன்னும் ஒன்று. எர்சிலியா அம்மா உங்களிடம் சொன்னாரா தெரியவில்லை. அன்று காலை விரட்டுக்கு முன்னால் அவர் கேட்டருகே என்னை நிறுத்தினார்.

"வேலி வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் அன்செல்மோ. நேத்து வாஸ்கோ வந்தான். காணாமப் போன ஆட்ட எங்கேயோ தேடிப் புடிச்சுத் தோள்ல போட்டுட்டு வந்துட்டான். கேட்டுக்குப் புதுக் கீல் போட்டு, தானா மூடற மாதிரி ஸ்பிரிங் வெச்சுக் குடுத்தான். 'இனி நான் ஒழுங்கா இருப்பேன், நாளைக்கு நீங்க அன்செல்மோ அண்ணன்கிட்டயே கேட்டுப் பாருங்க'ன்னான். ஒரு மணி நேரம் உக்காந்து ஒயின் குடிச்சிட்டுச் சிரிக்க வெச்சிட்டுப் போனான். அந்தக் கம்பத்த எல்லாம் வித்துரலாம்னு இருக்கேன்" என்றார்.

"சரிங்கம்மா, நல்லது" என்றேன்.

ஆமாம், அப்போதே நிலம் காப்பாற்றப்பட்டுவிட்டது. தக்கைப் பையைத் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால். நீங்கள் அதை முக்கியமாக நினைப்பது தெரிகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கேட்டுக்கு ஸ்பிரிங் வைத்தால் பதினேழு மீறல்கள் இல்லை என்று ஆகிவிடுமா. இருபத்திரண்டு வருஷம் நான் வாசலில் நின்றேன், அவனை உள்ளே உட்கார வைத்து ஒயின் ஊற்றினார்களாம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வேலி வந்துவிட்டது. காட்டில் பிணம் விழுந்த பிறகு எர்சிலியா அம்மா யாரையும் கேட்கவில்லை. போன வாரம் போய்ப் பார்த்தேன். நானூறு கம்பமும் நட்டு, கம்பி இழுத்து, சட்டம் சொன்ன உயரத்துக்கு ஒரு விரல் கூடவே வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஜனவரித் தேர்தலில் என்னை ஒருமனதாக மறுபடி தலைவனாக்கினார்கள். இரண்டு மொட்டை மேட்டுக்குத் தலைவன்.

நான் இங்கே வந்தது அதனால் இல்லை. ஒரெஸ்தே மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள், கொம்பு ஊதிய பிறகும் சுட்டார் என்று. தபால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, மனைவி ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். புதர் அசைந்ததற்குச் சுட்டாரா, அதற்குத் தண்டனை கொடுங்கள், நானே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் யாரும் தோளைத் தொடாதபோது செவிட்டு நிலையில் நிற்பவன் துப்பாக்கியை இறக்கக் கூடாது. அவர் விதிப்படிதான் நின்றார். விதிப்படி நின்ற ஒருவனைத் தண்டிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாஸ்கோவைக் கொன்றது நான். ஒன்பதாவது வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியாயிற்றா. கொடுங்கள், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

இதில் இன்னொரு பிழை இருக்கிறது ஐயா. நான்காவது பக்கம், உங்கள் கோப்பிலிருந்து சேர்த்திருக்கிற, உடல் கிடந்த விதம் பற்றிய குறிப்பு. அவன் துப்பாக்கி மடித்துத் திறந்திருந்தது, இரண்டு தோட்டாக்களும் மேலங்கியின் இடது பையில் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியாக இருக்க முடியாது. வாஸ்கோவை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். தயவுசெய்து இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.